புதிய ஆசிரியரையும் அவருடைய வழிகாட்டியையும் தாங்கிப் பிடிப்பது எப்படி? தலைமை ஆசிரியருக்குப் படிப்படியாக

புதிதாகச் சேர்ந்தவரை ஒரு சீனியரிடம் காட்டி, "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பார்த்துக்கொள்ள அந்தச் சீனியருக்கு நேரம் எங்கே இருக்கிறது? அந்த நேரத்தை ஒதுக்கித் தர முடிந்தவர் நீங்கள் ஒருவர்தான். முதல் முறை செய்கிறீர்கள் என்றால் இந்த வரிசையில் போங்கள்.

படி 1: ஆளைத் தேர்ந்தெடுங்கள்
நன்றாகப் பாடம் நடத்துகிற எல்லாரும் நல்ல வழிகாட்டி ஆகிவிட மாட்டார்கள். தன் வகுப்பில் சொதப்பியதைக் கூச்சமில்லாமல் சொல்லக்கூடியவரைப் பாருங்கள். அதே பாடம் எடுப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. அவர் சம்மதித்த பிறகே பெயரைப் போடுங்கள்.

படி 2: டைம்டேபிளில் இடம் பிடியுங்கள்
மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். வாரத்தில் ஒரு ஃப்ரீ பீரியடாவது இருவருக்கும் ஒரே நேரத்தில் வர வேண்டும். டைம்டேபிள் போடும்போது இதை முதலில் குறித்துவிட்டு மற்றதை நிரப்புங்கள். கடைசியில் தேடினால் கிடைக்காது. யாராவது லீவு போட்டால் சப்ஸ்டிட்யூஷனுக்குக் கை நேராக அந்தப் பீரியடுக்குத்தான் போகும். தொடாதீர்கள்.

ஒருவர் வகுப்பை மற்றவர் உட்கார்ந்து பார்க்கவும் நேரம் வேண்டும். அதற்கு மாதம் ஓரிரு முறை வழிகாட்டியின் வகுப்பையோ புதியவரின் வகுப்பையோ நீங்களே எடுங்கள். நீங்கள் பாடம் நடத்தி எத்தனை நாளாயிற்று?

இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல் புதிய ஆசிரியருக்கு முதல் வருடம் 10%, இரண்டாம் வருடம் 5% பாடவேளை குறைக்கப்படுகிறது. வாரம் 30 பீரியட் எடுப்பவருக்கு 10% என்பது 3 பீரியட். மலைக்க வைக்கிற கணக்கு இல்லை.

படி 3: சுமையை இறக்குங்கள்
யாருக்கும் வேண்டாத வகுப்பைப் புதியவர் தலையில் கட்டாதீர்கள். வழிகாட்டியிடமிருந்தும் விழாக் கமிட்டி மாதிரி ஒரு வேலையை எடுத்துவிடுங்கள். வெறும் நன்றியோடு நிறுத்தினால் அடுத்த வருடம் அவர் முன்வர மாட்டார்.

படி 4: வழிகாட்டியை ஒற்றர் ஆக்காதீர்கள்
"புதுசா வந்தவங்க எப்படி?" என்று வராந்தாவில் நிறுத்திக் கேட்கத் தோன்றும். கேட்டது தெரிந்த அன்றே புதியவர் தன் சிரமங்களை மறைக்கத் தொடங்கிவிடுவார். இங்கிலாந்து விதிகளிலும் வழிகாட்டுவதும் மதிப்பிடுவதும் தனித்தனிப் பொறுப்புகள்தான். மதிப்பீடு வேண்டுமென்றால் நீங்களே போய் வகுப்பைப் பாருங்கள். மாணவர் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது மட்டும் விதிவிலக்கு. அது உடனே உங்களிடம் வர வேண்டும். இதை முதல் நாளே இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்.

படி 5: நடுவில் விசாரியுங்கள்
ஆரம்ப உற்சாகம் வடிந்து, தேர்வுத்தாள் திருத்தலும் பெற்றோர் சந்திப்பும் சேர்ந்து வரும்போதுதான் புதியவர் தளர்வார். அந்த வாரங்களில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வழிகாட்டியிடமும் தனியாக, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். ஜோடி ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தால், யார் மீது தப்பு என்று கிளறாமல் வழிகாட்டியை மாற்றிவிடுங்கள்.