டாக்கர் கன்டெய்னர்களைக் கூட்டமாக நீக்குவது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்கு எடை, சேதாரம், கூலி கணக்கிட்டு பில் போடும் மென்பொருளை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சோதித்துச் சோதித்து ஒரே வாரத்தில் முப்பது நாற்பது கன்டெய்னர் (டாக்கர் மென்பொருளைத் தனித்தனியாக ஓட்டும் பெட்டி) சேர்ந்துவிடும். மொத்தமாக நீக்கலாம், ஆனால் கணக்கு இருக்கும் டேட்டாபேஸ் அதோடு போய்விடக் கூடாது. கீழே கட்டளைகள் ஒலிப்படி தமிழில் இருக்கின்றன. டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் பட்டியல்:

டாக்கர் பிஎஸ் -ஏ

'-ஏ' போடாவிட்டால் ஓடுகிறவை மட்டுமே தெரியும்.

நின்றுபோன பழையவை எல்லாமே வேண்டாம் என்றால் ஒரே வரி போதும்:

டாக்கர் கன்டெய்னர் ப்ரூன் --ஃபில்டர் "அன்டில்=24எச்"

உறுதி கேட்கும், 'ஒய்' கொடுங்கள். 24 மணி நேரத்துக்கு முன்பு உருவாகி இப்போது நின்றிருப்பவை போகும். இரவில் ஓடி பேக்கப் எடுத்துவிட்டு நிற்கும் கன்டெய்னரும் இதில் மாட்டும். நின்றிருப்பதெல்லாம் குப்பை இல்லை.

பெயரை வைத்து நீக்குவதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். "நேம்=கொலுசு" என்று ஃபில்டர் கொடுத்தால் பெயரில் எங்கே 'கொலுசு' இருந்தாலும் பிடிக்கும்: கொலுசு-வெப்-1, கொலுசு-வெப்-2, கூடவே கொலுசு-டிபி. தொடக்கத்தைக் குறிக்கும் ^ சேர்த்து, முதலில் பட்டியலை மட்டும் பாருங்கள்:

டாக்கர் பிஎஸ் -ஏ --ஃபில்டர் "நேம்=^கொலுசு-வெப்"

வந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். சரியாக இருந்தால் அதே ஃபில்டரை மாற்றாமல் இந்த இரண்டிலும் போடுங்கள்:

டாக்கர் ஸ்டாப் $(டாக்கர் பிஎஸ் -க்யூ --ஃபில்டர் "நேம்=^கொலுசு-வெப்")
டாக்கர் ஆர்எம் $(டாக்கர் பிஎஸ் -ஏக்யூ --ஃபில்டர் "நேம்=^கொலுசு-வெப்")

'-க்யூ' அடையாள எண்ணை மட்டும் தரும். ஸ்டாப் முதலில் 'முடித்துக்கொள்' என்று சிக்னல் அனுப்பி, வழக்கமாக 10 விநாடி பொறுத்து, பிறகே கொல்லும். 'ஆர்எம் -எஃப்' பொறுக்காது. எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கலாம். டேட்டாபேஸ் மீது அதைப் போடவே போடாதீர்கள்.

குறைந்தது ஒரு ஆர்குமென்ட் வேண்டும் என்று பிழை வந்தால், பெரும்பாலும் ஃபில்டரில் எதுவும் சிக்கவில்லை என்றே பொருள். விண்டோஸில் பவர்ஷெல்லில் இந்த $( ) வேலை செய்யும், பழைய கமாண்ட் ப்ராம்ப்டில் செய்யாது.

கம்போஸ் கோப்பு (பல கன்டெய்னர்களை ஒன்றாகத் தொடங்க எழுதும் கோப்பு) வைத்துத் தொடங்கியவற்றுக்கு அந்த ஃபோல்டரிலேயே 'டாக்கர் கம்போஸ் டவுன்' போதும். '-வி' சேர்த்தால் அந்தக் கோப்பில் பெயர் கொடுத்த வால்யூமும் (கன்டெய்னருக்கு வெளியே தரவு தங்கும் இடம்) அழியும், திரும்ப வராது.

டேட்டாபேஸ் கன்டெய்னரைத் தவறி நீக்கிவிட்டீர்களா? புதிதாக ஒன்றை ஓட்டினால் காலியாக இருக்கலாம். பதறி ப்ரூன் எதையும் ஓட்டாதீர்கள். '-வி' இல்லாமல் நீக்கியிருந்தால், வால்யூமில் இருந்த தரவு அங்கேயே இருக்கும்:

டாக்கர் வால்யூம் எல்எஸ் --ஃபில்டர் "டேங்க்ளிங்=ட்ரூ"

எந்தக் கன்டெய்னரும் பயன்படுத்தாத வால்யூம்களை இது காட்டும். பட்டியலில் வரும் நீளமான பெயர்களில் ஒன்று உங்கள் பட்டறைக் கணக்காக இருக்கலாம். புது கன்டெய்னரை ஓட்டும்போது அதே வால்யூமை, டேட்டாபேஸ் தரவை வைக்கும் அதே ஃபோல்டரில் மவுன்ட் செய்து (இணைத்து) பாருங்கள்.