அரம் வழுக்கிய அந்த நொடி

லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் நான் செய்த முதல் கத்தி, தக்காளித் தோலில்கூட இறங்கவில்லை. தீட்டினால் முனை வரும்; நாலு வெங்காயம் நறுக்குவதற்குள் மழுங்கிவிடும். அரத்தை வைத்து இழுத்தேன், மெத்தென்று கடித்தது. இரும்பு கெட்டிப்படவே இல்லை.

தவறு உலையில் இருந்தது. நடுப்பகல் வெயிலில் சிவப்பைக் கண்ணால் மட்டும் கணித்திருக்கிறேன். வெயிலில் இரும்பு உள்ளதைவிட மங்கலாகத் தெரியும் என்பதால் நம் கணிப்பு தடுமாறிவிடும். மறுமுறை அந்தி சாய்ந்த பிறகு பற்றவைத்தேன். காந்தத் துண்டு ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, அலகை அடிக்கடி அதில் தொட்டுப் பார்த்தேன். சுமார் 770 டிகிரியில் காந்தம் ஒட்டாமல் போகும். அதற்குமேல் இன்னும் சற்றே சூடு ஏற வேண்டும், பிறகுதான் தோய்ச்சல், அதாவது பழுத்த அலகை முக்கிச் சட்டென்று ஆற்றிக் கெட்டிப்படுத்துவது.

தண்ணீரில் தோய்க்காதீர்கள். இரண்டாவது அலகை அப்படித்தான் இழந்தேன்: 'டிங்' என்றொரு சத்தம், முனையிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல். மூன்றாவதை 50 டிகிரிக்குச் சூடாக்கிய சமையல் எண்ணெயில் முனை கீழாக நேரே இறக்கினேன். விளிம்பையும் இம்முறை ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு விட்டிருந்தேன்; மெல்லிய விளிம்பு தோய்ச்சலில் நெளிந்துவிடும்.

ஆறியதும் அரம் கண்ணாடிமேல் போல வழுக்கியது. உடனே ஓவன் அடுப்பில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், இரண்டு தடவை. இதைத் தவிர்த்தால் கீழே விழுந்தாலே அலகு உடையும். மெருகேற்றிய இடத்தில் வைக்கோல் நிறம் படர்ந்தது. அந்தக் கத்திதான் இன்று எங்கள் சமையலறையில் இருக்கிறது.