ஏற்காட்டு நாடாவும் நூறு கேசட்டும்: அபூர்வ ஃப்ரீ ஜாஸ் பதிவுகளைச் சேர்த்து மறுபடி வெளியிட

பழைய ரெக்கார்டோ, சக்கரத்தில் சுற்றிய ஸ்பூல் நாடாவோ கைக்கு வந்ததும் முதலில் மோந்து பாருங்கள். ஏற்காட்டு பங்களாக்களிலிருந்து வருபவற்றில் பெரும்பாலும் பூஞ்சை வாசம் அடிக்கும். பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து போகிற ஊர் அது. பூஞ்சை என்றால் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வாசலில் வைத்து, உலர்ந்த பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி எடுக்கலாம். காய்கிற வரை ஓட்டிப் பார்க்கக் கூடாது. வினிகர் வாசம் அடித்தால் விஷயம் வேறு. அது அசிடேட் நாடா, கெட ஆரம்பித்துவிட்டது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது. வாசம் பிடிபடவில்லையா, சுற்றிய நாடாவை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் அசிடேட், தெரியாவிட்டால் பாலியெஸ்டர்.

சேலம் அம்மாபேட்டையில் பதினான்கு வருடம் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன். கடையை மூடிய பிறகுதான் ஃப்ரீ ஜாஸ் என்ற இந்த இசை என்னிடம் வந்தது. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது, செவ்வாய்ப்பேட்டை பழைய சாமான் கடைக்கு ஒரு டிரங்குப் பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே மூன்று ஐரோப்பிய எல்.பி.க்கள், ஒரு ஏழு அங்குல ஸ்பூல். அந்த எல்.பி.க்களை முதல் தடவை கேட்டபோது எனக்கு நினைவு வந்தது கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் தனி தவில்தான். தனி தவிலுக்குத் தாளம் உண்டு. இங்கே ராகமும் தாளமும் முன்கூட்டியே முடிவாகாமல், எதிரில் இருப்பவர் என்ன வாசிக்கிறார் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு போகிற மனோதர்மம். ஃப்ரீ ஜாஸ்காரர்கள் ஃப்ரீ இம்ப்ரோவைசேஷன் என்பது அதைத்தான்.

இந்தப் பதிவுகள் ஏன் அபூர்வம் என்று தெரிந்துகொண்டால் தேடுவது சுலபம். பெரிய கம்பெனிகள் தொடாததால் வாசித்தவர்களே லேபிள், அதாவது ரெக்கார்டு வெளியிடும் கம்பெனி, தொடங்கினார்கள். நெதர்லாந்தில் ஐ.சி.பி. 1967-இல், பெர்லினில் எஃப்.எம்.பி. 1969-இல், லண்டனில் இன்கஸ் 1970-இல். ஜெர்மன் சாக்ஸபோன் கலைஞர் பீட்டர் ப்ரோட்ஸ்மான் 1968-இல் ‘மெஷின் கன்’ தொகுப்பைத் தானே வெளியிட்டபோது போட்டது 300 பிரதிகள். பிறகு எஃப்.எம்.பி. அதை மறுபடி வெளியிட்டதால்தான் பலர் கேட்க முடிந்தது. இன்கஸின் முதல் வெளியீடு, எவன் பார்க்கர் சாக்ஸபோனும் டெரெக் பெய்லி கிதாரும் ஹான் பென்னிங்க் டிரம்ஸும் வாசித்த ‘டோபோகிராஃபி ஆஃப் தி லங்ஸ்’. அது சிடியாக வர 2006 ஆயிற்று. பார்க்கரே தன் லேபிளில் கொண்டுவந்தார். நம் பக்கத்துத் தொடர்பு வேண்டுமென்றால், லண்டனில் சாக்ஸபோன் கலைஞர் ஜோ ஹாரியட்டோடு கோவா வம்சாவளி கிதார் கலைஞர் அமான்சியோ டி’சில்வா 1969-இல் வாசித்த ‘ஹம் தோனோ’விலிருந்து தொடங்கலாம். முழுக்க ஃப்ரீ இல்லை, ஆனால் காதைத் திறந்துவிடும்.

எல்.பி. வாங்கும்போது உறையை நம்பாதீர்கள். இசை முடிந்து, நடுவில் ஒட்டிய காகித லேபிளுக்கு முன்னால் வழுவழுப்பான வளையம் இருக்கும், அதில் கீறியிருக்கும் எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதல் பதிப்பா பிந்தியதா என்பது பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும். வந்ததும் நிமிர்த்தி அடுக்குங்கள். சேலம் வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் படுக்க வைத்த ஓர் எல்.பி. ஒரே கோடையில் அப்பளம் மாதிரி வளைந்தது.

இனி டிஜிட்டலுக்கு மாற்றுவது. என் தெருவில் விசைத்தறி ஓடும். அந்த அதிர்வு தரை வழியாக ஏறி ஊசிக்கு வந்துவிடும், ஒலியில் அடியில் ஓர் உறுமல் கேட்கும். கடப்பா கல் பலகைக்கு அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டுகளை வைத்து, மேலே டர்ன்டேபிளை வைத்தேன். பாதி குறைந்தது. மீதிக்காக, தறி நிற்கும் நாளில் மட்டும் வேலை செய்கிறேன். ஸ்பூலோ கேசட்டோ, நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, ஹெட்டின் சாய்வை ஒவ்வொரு நாடாவுக்கும் தனியாகச் சரி செய்யுங்கள். மேல் ஸ்தாயி மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் திருகாணியை நிறுத்துங்கள். கணினியில் பதிவது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், வேவ் கோப்பாக. இந்த இசை முணுமுணுப்பிலிருந்து அலறலுக்கு ஒரு நொடியில் போகும், அதனால் உச்சத்துக்கு மேல் ஆறு டெசிபலாவது இடம் விடுங்கள். ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஷனைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் வருவதுதான் எனக்கு முக்கியம். இரைச்சல் நீக்கும் சாஃப்ட்வேரை முழுப் பதிவுக்கும் ஓட்டாதீர்கள். சினிமாப் பாட்டில் எது பாட்டு, எது இரைச்சல் என்று அதற்குத் தெரியும். இங்கே தெரியாது. அந்த ஏற்காட்டு ஸ்பூலில் ஒருவர் சாக்ஸபோன், இன்னொருவர் தவில். பங்களா வராந்தாவில் பதிவு செய்தது, தகரக் கூரையில் மழை. பதினான்காவது நிமிடத்தில் சாக்ஸபோன் மூச்சுக்காற்று அளவுக்கு இறங்குகிறது, தவில் நின்றுவிடுகிறது, ‘சர்ர்... சர்ர்’ என்று ஏதோ கீறுகிறது. நாடா பழுது என்று நினைத்து இரண்டு இரவு உட்கார்ந்து அதை அழித்துவிட்டேன்.

தவில் வாசித்தவரைத் தேடிப்பிடித்தது பிறகுதான். ஓமலூர்ப் பக்கம் மகன் வீட்டில் இருந்தார், எண்பது வயதுக்கு மேல். நான் துடைத்த பதிவை ஹெட்ஃபோனில் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் கண்ணைத் திறந்தார்.

“இங்க நான் வாசிச்சது எங்கீங்க தம்பி?”

“அந்த இடத்துல தவில் நின்னுருதுங்களே ஐயா?”

வலது கையை நீட்டி, மடியில் போட்டிருந்த துண்டின் மேல் விரல் நுனிகளை மெல்ல இழுத்துக் காட்டினார். “கூடு. விரல்ல மாட்டற கூட்டைத் தோல் மேல உரசுனேன். அவரு அவ்வளவு மெல்ல ஊதறப்ப நான் எப்படிங்க தட்டறது?”

பழுது என்று நான் அழித்தது, பெரிய வாத்தியத்தைச் சின்னக் குரலுக்கு இறக்கிய ஒரு கலைஞனின் தீர்மானம். நல்லவேளை, மூலக் கோப்பை வைத்திருந்தேன். அதிலிருந்து திரும்ப ஆரம்பித்தேன். மழையையும் விட்டுவிட்டேன், இரண்டு பேரும் அந்த மழையைக் கேட்டுக்கொண்டேதான் வாசித்திருக்கிறார்கள்.

ஆகவே, துடைக்காத மூலக் கோப்பை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். எல்.பி. என்றால் இன்னொரு பிரதி தேடி இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் கேட்கும் ‘டிக்’ பெரும்பாலும் வாசித்தவருடையது, ஒன்றில் மட்டும் கேட்பது கீறல். கீறலையும் ஒவ்வொன்றாகக் கையால் எடுங்கள்.

அனுமதிக்கு வருவோம். இந்தியச் சட்டத்தில் வெளியான ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு உரிமை. 1964-இல் வந்தது 2024 முடிவில் விடுபட்டது. ஆனால் அந்த எல்.பி. அமெரிக்காவில் வெளியானதாக இருந்தால் அங்கே 2067 வரை உரிமை உண்டு, எனவே இணையத்தில் உலகத்துக்கே விற்க நினைத்தால் கவனம். இன்னொன்று, ஒலிப்பதிவு வேறு, இசைப்படைப்பு வேறு. படைப்புரிமை ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டு; கூட்டுப் படைப்பில் கடைசியாக இறந்தவரிலிருந்து கணக்கு. ஃப்ரீ இம்ப்ரோவைசேஷனில் இசையமைப்பாளர் என்று தனியாக யாரும் இல்லை, வாசித்த அத்தனை பேரும் படைப்பாளிகள். எனவே உறையில் பெரிதாகப் பெயர் இருப்பவரிடம் மட்டும் கையெழுத்து வாங்கினால் போதாது. சாக்ஸபோன்காரர் காலமாகிவிட்டார். தவில் ஐயா பத்திரமாக வைத்திருந்த ஒரு தபால் அட்டை முகவரியைப் பிடித்துக்கொண்டு சாக்ஸபோன்காரரின் மகளைக் கண்டுபிடித்துச் சம்மதம் வாங்க 11 மாதம் ஆயிற்று. காத்திருங்கள். ஒப்பந்தத்தில் எத்தனை பிரதி, எத்தனை வருடம் என்று எழுதுங்கள், உரிமையை மொத்தமாக எழுதி வாங்காதீர்கள்.

நான் போட்டது 100 கேசட். சி-90 நாடா மெல்லியது, சீக்கிரம் இழுபடும், சி-60 வாங்குங்கள். உறையைக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தேன், குறைந்த எண்ணிக்கைக்கு அதுவே சரி. உள்தாளில் யார், எங்கே, எந்தக் கருவி, எந்த நாடாவிலிருந்து மாற்றியது, எதை நீக்கினீர்கள் என்று எழுதுங்கள். விற்பனைக்கு முன்பே தவில் ஐயாவுக்கும் சாக்ஸபோன்காரரின் மகளுக்கும் ஆளுக்குப் பதினைந்து பிரதி எடுத்து வைத்துவிட்டேன்.

மூல ஸ்பூலை வேகமாகச் சுற்றி வைக்காதீர்கள். வாசிக்கும் வேகத்தில் கடைசி வரை ஓடவிட்டு, முடிவு வெளியே இருக்கும்படி அப்படியே பெட்டியில் வையுங்கள். சுற்றி வைத்த நாடாவில் ஒரு சுற்றின் ஒலி ஒட்டியிருக்கும் அடுத்த சுற்றில் லேசாகப் பதியும், அந்த எதிரொலி அப்போது இசைக்குப் பின்னால் வந்து மறைந்துவிடும். பெட்டியின் மேல் பென்சிலால் விவரம் எழுதுங்கள். ஏற்காட்டுப் பெட்டியில் சாக்ஸபோன்காரரின் பெயர் மட்டும் இருந்தது. கீழே தவில் ஐயாவே தன் கையால் பெயரும் ஊரும் எழுதிக் கொடுத்தார்.