“ஜப்பான் பத்திரிகையில் வந்ததாம்”: ஆசாஹி நாளிதழைச் சரிபார்த்துப் படிக்கும் முறை

2023 ஆகஸ்ட் 24இல் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்துத் தண்ணீரை ஜப்பான் பசிபிக் கடலில் விடத் தொடங்கியது. அன்றைக்கே சீனா ஜப்பானியக் கடலுணவு இறக்குமதியை முழுவதுமாக நிறுத்தியது. இறாலும் கணவாயும் வெளிநாட்டுக்கு ஏறும் நம் ராமநாதபுரக் கரையில் இதைத் தூரத்துச் செய்தி என்று தள்ள முடியாது. ஆனால் மண்டபத்திலோ தொண்டியிலோ கைப்பேசிக்கு வந்து சேரும்போது, “ஜப்பான் பத்திரிகையில் வந்திருக்கிறது” என்ற ஒற்றை வரிதான் மிஞ்சுகிறது. எந்தப் பத்திரிகை, என்றைக்கு, செய்தியா தலையங்கமா என்று தெரியாதவரை அந்த வரியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

அங்கே நாடு முழுவதும் போகும் நாளிதழ்கள் ஐந்து: யோமியுரி, ஆசாஹி, மைனிச்சி, நிக்கெய், சான்கெய். நிக்கெய் வணிக இதழ். யோமியுரியும் சான்கெயும் வலது பக்கம். சான்கெய் இன்னும் தள்ளி. ஆசாஹியும் மைனிச்சியும் தாராளவாதப் பக்கம். இந்த அளவோடு நிறுத்திவிட்டால் தவறாகத்தான் படிப்போம். அதனால் ஆசாஹியை மட்டும் எடுத்து, ஊர் நூலகத்து வாசகர் வட்டம் இரண்டு மணி நேரத்தில் செய்யக்கூடிய முறை இது. ஒரு சார்ட் தாள், இரண்டு நிறப் பேனா, இணையம் உள்ள இரண்டு கைப்பேசிகள் போதும்.

முதலில் சார்ட்டில் ஒரு காலக்கோடு. அரசை எதிர்த்து நின்ற ஆண்டுகளை நீலத்தில் எழுதுங்கள். பணிந்த, தவறிய ஆண்டுகளைச் சிவப்பில். 1879இல் ஒசாகாவில் தொடங்கியது, 1888இல் தோக்கியோவுக்கு வந்தது என்பதை ஓரமாகக் குறித்தால் போதும். உண்மையான தொடக்கப் புள்ளி 1918. அந்த ஆண்டு அரிசி விலை ஏறியபோது தொயாமா கடற்கரையின் மீனவப் பெண்கள், அரிசி கப்பலேறி வெளியே போவதைத் தடுத்தார்கள். அந்தக் கலகம் நாடெங்கும் பரவியது. அரசு கலகச் செய்திகளுக்குத் தடை போட்டது. தடையை எதிர்த்துப் பத்திரிகையாளர்கள் ஆகஸ்டில் கூட்டம் நடத்தினார்கள். அதைப் பற்றி எழுதிய ஒசாகா ஆசாஹி, “வெண்ணிற வானவில் சூரியனைத் துளைத்தது” என்ற பழஞ்சீனத் தொடரைப் போட்டது. அரசனுக்கு எதிரான கிளர்ச்சியின் சகுனம் அது. வழக்கு வந்தது, ஆசாஹி நிறுவனத் தலைவர் முராயாமாவை வலதுசாரிகள் தாக்கினார்கள், அவர் விலகினார், ஆசிரியர் குழு கலைந்தது. “எப்பக்கமும் சாராமை” என்ற கொள்கையை ஆசாஹி அப்போது முன்வைத்தது இந்த அடி விழுந்த பிறகுதான். ஆகவே நடுநிலை என்று அது சொல்லும் இடங்களில் அந்த அச்சத்தின் நிழலும் உண்டு. இந்த ஆண்டுக்கு இரண்டு நிறமும் வேண்டும்.

அடுத்து 1931, சிவப்பு. வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவை ஜப்பானியப் படை கைப்பற்றத் தொடங்கியதும் முன்னாள் படைவீரர் சங்கங்கள் ஆசாஹியைப் புறக்கணிக்கக் கிளம்பின. இதழ் படையை ஆதரிக்கும் பக்கம் திரும்பியது. போர்ச் செய்தியால் விற்பனையும் ஏறியது. 1945 நவம்பர் 7இல் போர்க்காலப் பொறுப்பை ஏற்று, மக்களோடு நிற்போம் என்று அறிவித்தது. அதன் பின்னாளைய அமைதிவாதம் முழுக்க இந்தக் கடனிலிருந்து வருகிறது. 1987 மே 3இல் ஆசாஹியின் ஹன்ஷின் கிளை அலுவலகத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்தவன் 29 வயது நிருபரைக் கொன்றான். குற்றவாளி பிடிபடவில்லை, 2002இல் வழக்கின் காலவரம்பும் முடிந்தது.

1989இல் நிதானமாக நில்லுங்கள். முந்தைய ஆண்டு ஜூனில் ஆசாஹி வெளிக்கொண்டுவந்த ரிக்ரூட் ஊழலால் (ரிக்ரூட் நிறுவனம் அரசியல்வாதிகளுக்குப் பங்குகள் கொடுத்த விவகாரம்) 1989 ஏப்ரல் 25இல் பிரதமர் தகேஷிதா பதவி விலகுவதாக அறிவித்தார். அதற்கு ஐந்து நாள் முன்பு, ஏப்ரல் 20 மாலைப் பதிப்பில், ஒகினாவாவின் இரியோமோத்தே தீவருகே பெரிய பவளம் ஒன்றில் “கே.ஒய்.” என்று கீறியிருந்த படத்தை ஆசாஹி போட்டு, ஜப்பானியரின் மனச்சீரழிவு என்று கடிந்து எழுதியது. உள்ளூர் முக்குளிப்போர் அந்தக் கடலை அறிந்தவர்கள். அப்படிக் கீறல் அங்கே இருந்ததில்லை என்றார்கள். மே 16இல் இதழ் மன்னிப்புக் கேட்டது, ஆனால் ஏற்கனவே இருந்த கீறலைத் தன் புகைப்படக்காரர் தெளிவாக்கினார் என்றுதான் ஒப்புக்கொண்டது. மே 20இல்தான் முழுக்கவே அவர் கீறியது என்றது. தலைவர் விலகினார். இந்த ஆண்டும் இரு நிறம்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளின் பவளப் பார்களை அருகில் வைத்திருக்கும் நமக்கு, முதல் மறுப்போடு தேடலை நிறுத்தக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

2014இல் ஒரு பொறி இருக்கிறது: இரண்டு யோஷிதாக்கள். ஆகஸ்ட் 5இல் ஆசாஹி திரும்பப் பெற்றது யோஷிதா செய்ஜியின் சாட்சியத்தை. கொரியப் பெண்களை ஜப்பானியப் படைக்காக வலுக்கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனதாக அவர் சொன்ன கதை அது. 1982 முதல் இதழில் வந்தது. செப்டம்பர் 11இல் திரும்பப் பெற்றது ஃபுகுஷிமா நிலையத் தலைவர் யோஷிதா மசாவோவின் வாக்குமூலம் பற்றிய செய்தியை. 2011 விபத்தின்போது ஊழியர்கள் அவருடைய உத்தரவை மீறி ஓடியதாக மே மாதம் எழுதியிருந்தது. இவ்விரண்டையும் கலந்து எழுதும் பதிவுகள் ஏராளம். செய்ஜியின் கதை விழுந்ததால் அந்தப் பெண்கள் தாமே சொன்னவை விழுந்துவிடவில்லை: கிம் ஹக்-சூன் 1991இல் பெயரோடும் முகத்தோடும் வெளியே வந்து பேசியவர். இதை மறைப்பவர்களின் பதிவை நம்ப வேண்டாம். கோட்டின் முடிவில் 2018 மார்ச் 2, நீலம்: மோரிதோமோ என்ற பள்ளி நிறுவனத்துக்கு அரசு நிலம் விற்ற ஆவணங்களை நிதி அமைச்சகம் திருத்தியிருக்கலாம் என்ற செய்தி. பத்து நாளில் அமைச்சகமே ஒப்புக்கொண்டது.

இனி ஒப்பிடும் வேலை. அன்றாடச் செய்தியை ஒப்பிடாதீர்கள். அமைச்சகங்களோடு ஒட்டிய “கிஷா கிளப்” நிருபர் சங்கங்கள் வழியாக ஒரே விளக்கம் எல்லா இதழுக்கும் போகிறது, வேறுபாடு தெரியாது. “ஷாசெட்சு” எனப்படும் தலையங்கங்களை எடுங்கள். ஆசாஹியின் ஆங்கிலத் தளத்திலும், யோமியுரியின் “ஜப்பான் நியூஸ்” தளத்திலும் அவை கிடைக்கும். மே 3, அரசியல் சாசன நாள், மிகப் பொருத்தம்: யோமியுரி 1994இல் தன் சொந்தச் சாசனத் திருத்த வரைவையே வெளியிட்ட இதழ், ஆசாஹி போரைத் துறக்கும் ஒன்பதாம் பிரிவைக் காக்கச் சொல்வது. அடுத்து ஆகஸ்ட் 15, போர் முடிந்த நாள். அணுசக்திக்கு 2023 ஆகஸ்ட் 24ஐ ஒட்டிய வாரம். யோமியுரியை நடத்திய ஷோரிகி மத்சுதாரோ 1956இல் ஜப்பானின் அணுசக்தி ஆணையத்துக்கு முதல் தலைவர். ஆசாஹி 2011 ஜூலையில் அணுமின்சாரமே இல்லாத சமூகம் கேட்டது. இரண்டையும் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டுப் படியுங்கள். கச்சத்தீவு அருகே ஒரு படகு பிடிபட்டால் யாழ்ப்பாண இதழும் மதுரைப் பதிப்பும் எப்படி எழுதும் என்று அறிந்த கண்ணுக்கு இந்த ஒப்பீடு கடினமில்லை.

தப்பு நேரும் இடங்கள் சில. ஜப்பானிய வாக்கியத்தில் எழுவாய் விடுபடும்; மொழிபெயர்ப்புச் செயலி தானாக ஓர் “அவர்” சேர்க்கும். யார் செய்தார் என்பது முக்கியமானால் அந்த வரியை மேற்கோளாக்காதீர்கள். “மான்” என்றால் பத்தாயிரம், “ஒக்கு” என்றால் பத்துக் கோடி, “சோ” என்றால் லட்சம் கோடி. செயலி இதை மில்லியனாக்கி, நாம் அதைக் கோடியாக்கும்போது ஒரு சுழியம் தொலையும். மூலத்திலிருந்து நேரே கணக்கிடுங்கள். பழைய நறுக்கில் ஷோவா ஆண்டு இருந்தால் 1925 கூட்டுங்கள், ஹெய்செய்க்கு 1988, ரெய்வாவுக்கு 2018. மாதத்தில் பெரும்பாலும் ஒருநாள் காலைப் பதிப்பே இருக்காது; அந்தத் தேதி போட்ட காலை இதழ்ப் படம் வந்தால் உடனே சந்தேகப்படலாம்.

இவ்வளவும் முடிந்ததும் கைக்கு வந்த செய்தியின் கீழ் நான்கு விவரம் எழுதுங்கள்: இதழ், தேதி, காலைப் பதிப்பா மாலைப் பதிப்பா, செய்தியா தலையங்கமா. பிறகு அதே இதழில் அடுத்த ஒரு மாதத்துத் திருத்தங்களைத் தேடுங்கள். பவளப் படத்துக்கு முழு உண்மை வெளிவர முப்பது நாள் ஆயிற்று. கடல் பற்றிய செய்தியானால் கீழக்கரைச் சங்கு குளிப்பவர் ஒருவரையோ தீவுகளில் பாசி எடுக்கும் பெண் ஒருவரையோ அமர்வுக்கு அழைத்து, படத்தைக் காட்டிக் கேளுங்கள். அவர் சொல்வதையும் ஐந்தாவது வரியாக எழுதி வையுங்கள்.