பருந்து வராத நாளும் பதிவுதான்: ஈபேர்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பனிக்காலம் தொடங்கினால் கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் காடுகளில் பூனைப்பருந்துகள் தாழப் பறக்கத் தொடங்கிவிடும். கூடவே, கண்ட பறவைகளைப் பட்டியலிட்டுப் பதியும் ஈபேர்ட் தளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களின் பதிவுகளும் வந்து குவியும், போன வருடத்துப் புதியவர்கள் செய்த அதே தவறுகளோடு. தேதி மாறியது, வரைபடத்தில் இடக்குறி தள்ளி விழுந்தது போன்றவற்றை யாராவது சொன்னால் சரிசெய்துவிடலாம். அவற்றை விட்டுவிடுவோம்.

கண்ட நாளை மட்டும் எழுதுவது

ஒருவர் பத்துக் காலைகள் ஒரே வண்டிப்பாதையில் நடக்கிறார். மூன்று நாள் பூனைப்பருந்து தென்படுகிறது. அந்த மூன்று நாளுக்கு மட்டும் பட்டியல் போடுகிறார். மீதி ஏழு நாள் என்ன ஆச்சு என்று கேட்டால், "அன்னைக்கெல்லாம் ஒண்ணுமே இல்லண்ணே, வெறும் காக்காயும் மைனாவுந்தான்" என்பார். அந்த "ஒண்ணுமே இல்ல"தான் கணக்குக்கு வேண்டும்.

ஓர் இனம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க, மொத்த முழுப் பட்டியல்களில் (தெரிந்த பறவை எதையும் விடாமல் எழுதியவை) எத்தனையில் அது இருக்கிறது என்ற விகிதம்தான் அடிப்படை. பத்துக்கு மூன்று என்றால் 30 சதவீதம். நம் ஆள் போட்டதோ மூன்றே பட்டியல், மூன்றிலும் பறவை உண்டு. ஆக, 100 சதவீதம். ஐந்து வருடம் கழித்துப் பத்து நாளில் ஒரு நாள்தான் தென்படுகிறது என்று வையுங்கள். அந்த ஒரு பட்டியலைப் போடுவார். மறுபடியும் 100 சதவீதம். பறவை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது, அவர் பதிவில் அதற்குத் தடயமே இல்லை. போன காலைகளை இனி யாரும் போய் எண்ணிவர முடியாது.

திறந்தவெளி இரைகொல்லிகளில் பாலிட், மாண்டேகு என்ற இரு பூனைப்பருந்து இனங்கள் பெரிதும் குறைந்துவருவதாக 'இந்தியப் பறவைகளின் நிலை' 2020 அறிக்கை சொன்னது, பொதுமக்கள் போட்ட பட்டியல்களை வைத்துத்தான். காகத்தையும் மைனாவையும் சலிக்காமல் எழுதியவர்களால் கிடைத்த முடிவு அது.

இதைவிட எரிச்சலூட்டுவது இன்னொன்று. பருந்தை மட்டும் எழுதிவிட்டு, 'எல்லாப் பறவைகளையும் பதிந்துவிட்டீர்களா?' என்று ஆப் கேட்கும்போது 'ஆம்' என்று அழுத்துவது. அந்த ஒரு மணி நேரத்தில் அங்கே ஒரு காகம்கூட இல்லை என்று ஆகிவிடும். பயந்துகொண்டு 'இல்லை' போட்டால், பட்டியல் வரைபடத்தில் ஒரு புள்ளியாக நிற்கும், விகிதக் கணக்கில் சேராது.

ஏன் பயப்படுகிறார்கள்? கதிர்க்குருவி வகையெல்லாம் தெரியாதாம். முழுப் பட்டியல் என்றால் அங்கிருந்த பறவை அத்தனையும் என்று பொருளில்லை. பார்த்தும் கேட்டும் உங்களுக்கு அடையாளம் தெரிந்தவற்றில் எதையும் வேண்டுமென்று விடாமல் எழுதினால் அது முழுப் பட்டியல். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: நடக்கத் தொடங்கும்போதே ஆப்பில் பட்டியலைத் தொடங்குங்கள். குறைந்தது 15 நிமிடம், ஒன்றிரண்டு கிலோமீட்டர். கரிச்சான், தவிட்டுக்குருவி எல்லாம் எண்ணிக்கையோடு. பருந்து வராவிட்டாலும் அனுப்புங்கள். பஸ் ஜன்னலில் கண்ட ஒற்றைக் கழுகை 'இன்சிடென்டல்' (போகிற போக்கில் கண்டது) என்று போடலாம், தவறில்லை. நாற்பது கிலோமீட்டர் பயணத்தை ஒரே பட்டியலாக்கினால் மட்டும் எந்தப் பறவை எந்த ஊரில் என்பது தொலைந்துபோகும்.

விடியற்காலையோடு நிறுத்திக்கொள்வது

கழுகும் பாறும் நிலம் சூடாகி வெப்பக்காற்று எழும்பிய பிறகுதான் மேலே ஏறும். ஒன்பது மணிக்கு மேல் தனியாக ஒரு பட்டியல் போடுங்கள்.

பெயர் வைத்தே தீருவேன் என்பது

ஆண் பூனைப்பருந்தில் சிக்கல் குறைவு. மாண்டேகு ஆணுக்குச் சிறகின் மேற்புறம் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை ஓடும். பாலிட் ஆணுக்கு அது கிடையாது, சிறகு நுனியில் ஆப்பு வடிவக் கறுப்பு மட்டும். வம்பு செய்வது பெண்ணும் இளம் பறவையும்தான். இளம் பறவை என்றால் கழுத்தைப் பாருங்கள். கன்னக் கறுப்புக்குப் பின்னால் தெளிவான வெளிர் வளையமும், அதை ஒட்டி அடர்ந்த கழுத்துப் பக்கமும் தெரிந்தால் பாலிட். வளையம் மங்கி, கண்ணைச் சுற்றி வெள்ளை அதிகமிருந்தால் மாண்டேகு. கழுத்து தெரியாத படத்தை வைத்துக்கொண்டு ஒருவர் சொன்னார், இன்னொருவர் ஒத்துக்கொண்டார் என்று பெயர் போடுவது வேண்டாம். 'பாலிட்/மாண்டேகு' என்றே பட்டியலில் ஒரு பதிவு உண்டு. அதுவும் போதவில்லை என்றால் 'பூனைப்பருந்து இனம்' என்று போடுங்கள்.

வல்லூறாகிவிடும் அக்காக்குயில்

அக்காக்குயில் பார்வைக்கு வல்லூறு போலவே இருக்கும். அலகைப் பாருங்கள். கொக்கி இல்லையென்றால் வல்லூறு இல்லை.

குரலை மட்டும் நம்புவது

கரிச்சான் வல்லூறு போலவே கத்தும். பறவையைத் தேடுங்கள்.

சுற்றும் பருந்துகளைக் கூட்டிக்கொண்டே போவது

குப்பைமேட்டுக்கு மேல் சுழலும் கரும்பருந்துகளில் போனதே திரும்பி வரும். ஒரே நேரத்தில் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையைப் போடுங்கள். எண்ணச் சோம்பல்பட்டு, எண்ணிக்கைக்குப் பதிலாக 'எக்ஸ்' (இருந்தது என்று மட்டும்) போடாதீர்கள்.

கூட்டின் இடம்

கூட்டைக் கண்டிருந்தால், அதன் இடம் வெளியே தெரியாமலிருக்க, குஞ்சுகள் பறந்துபோன பிறகு பட்டியலை அனுப்புங்கள். ஈபேர்ட் தானாக மறைப்பது சில இனங்களை மட்டுமே.

மறுஆய்வாளர் கேட்டால் கோபித்துக்கொள்வது

பதிவுகளைச் சரிபார்க்கும் அவரும் சம்பளம் வாங்காமல் பார்க்கிறவர்தான். சந்தேகம் கேட்டால் படத்தையோ, கண்ட அடையாளங்களையோ சேர்த்துவிடுங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்த ஒரு பெயரைப் பொதுப்பெயராக மாற்றினால் போதும். வீம்புக்காகப் பட்டியலையே அழித்தால் அன்றைக்கு எண்ணிய மற்ற பறவைகளும் சேர்ந்து போய்விடும்.