காரைக்குடியிலிருந்து இலங்கைக்கு: தூரத்தைக் கணக்கிட்டு வழியைத் தேர்வது எப்படி?

முதன்முறையாக இலங்கைக்குப் புறப்படுவோர் பெரும்பாலும் பயணச்சீட்டின் விலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதற்கு முன் தூரத்தைப் பார்ப்பது நல்லது. காரைக்குடியிலிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் ஏறத்தாழ 145 கிலோமீட்டர்தான். கொழும்பு ஏறத்தாழ 370. சென்னைக்குச் சாலை வழியாகப் போனாலே 400 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது.

முதல் படி, எங்கே போகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே சாலைவழித் தூரம் சுமார் 400 கிலோமீட்டர் என்பதால், வடக்கே வேலை உள்ளவர் கொழும்பில் இறங்கினால் ஒரு பகலோ இரவோ தரைவழியில் கழிந்துவிடும். செட்டியார் தெருவையும் அங்குள்ள கதிரேசன் கோயில்களையும் பார்க்க விரும்பும் நம் ஊர்க்காரர்களுக்குக் கொழும்பே பொருத்தம்.

இரண்டாவது படி, வரைபடத்தில் மிக அருகில் தெரியும் வழியை விட்டுவிடுவது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான் இருக்கிறது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் ரயிலில் தனுஷ்கோடி வரை போய், கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, மீண்டும் ரயிலேறிக் கொழும்பு போக முடிந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. போட் மெயில் என்ற பெயரோடு காரைக்குடி நிலையத்துக்கு இன்றும் அந்த ரயில் வருகிறது. கப்பல் இணைப்புதான் இல்லை.

மூன்றாவது படி, நடைமுறையில் உள்ள இணைப்புகளை ஒப்பிடுவது. கொழும்புக்குத் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் விமானம் உண்டு. காரைக்குடிக்கு இரண்டு விமான நிலையங்களும் ஏறத்தாழ ஒரே தொலைவுதான் என்பதால், நேரம் ஒத்துவருவதைத் தேர்ந்தெடுத்தால் போதும். யாழ்ப்பாணத்தை அடுத்த பலாலிக்குச் சென்னையிலிருந்து விமானம் போகிறது. 2025இல் திருச்சியிலிருந்தும் தொடங்கியது. கடல்வழி வேண்டுவோருக்கு நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்ற இச்சேவை 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியபோது வந்த கப்பலின் பெயர் சிவகங்கை என்பதில் நம் மாவட்டத்தாருக்கு ஒரு தனி மகிழ்ச்சி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இச்சேவை நிறுத்தப்படுவதுண்டு. ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் போக வேண்டியவர்கள் கப்பலை நம்பித் திட்டமிட வேண்டாம்.

நான்காவது படிதான் முக்கியமானது: கிலோமீட்டரை மணியாக மாற்றுவது. கப்பல் தூரத்தைக் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். நாகையிலிருந்து காங்கேசன்துறை 60 கடல் மைல், அதாவது சுமார் 110 கிலோமீட்டர். ஏறத்தாழ 4 மணி நேரப் பயணம். இப்போது ஒரு தாளில் வீட்டு வாசலிலிருந்து கூட்டுங்கள். கப்பலென்றால் காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி, பட்டுக்கோட்டை வழியாக நாகைக்கு 4 மணி, துறைமுகச் சோதனைகளுக்கு 3, கடலில் 4, மறுகரையில் குடிவரவுக்கு 1, யாழ் நகருக்கு அரை மணி; ஆகப் பன்னிரண்டரை மணி. திருச்சி விமானமென்றால் சாலையில் இரண்டரை, விமான நிலையத்தில் 3, வானில் 1, பலாலியில் 1, நகருக்கு அரை மணி. ஆக 8 மணி. காலையில் கிளம்பும் கப்பலுக்கு முதல்நாள் இரவே நாகையில் தங்க வேண்டியிருக்கும் என்பதால் அறை வாடகையையும் செலவோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்குப் பிறகும், கடல் ஒத்துக்கொள்ளும் உடம்பு உள்ளவருக்கு ஒருமுறையாவது கப்பலையே நான் பரிந்துரைப்பேன்.

ஐந்தாவது படி, ஆவணங்கள். கடவுச்சீட்டு குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். இடிஏ எனப்படும் மின்னணுப் பயண அனுமதிக்கு இலங்கைக் குடிவரவுத் துறையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் கட்டணம் பிடுங்கும் இடைத்தரகர் தளங்களும் உண்டு. கட்டண விதிகள் அடிக்கடி மாறுவதால் புறப்படும் வாரத்தில் மறுபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, இறங்கியபின் உள்ள தூரம். கொழும்பு விமான நிலையம் இருப்பது கட்டுநாயக்காவில். நகரம் அங்கிருந்து 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பலாலியிலிருந்தும் காங்கேசன்துறையிலிருந்தும் யாழ் நகருக்கு 20 கிலோமீட்டருக்குள்தான். இரு நாடுகளுக்கும் ஒரே நேரம் என்பதால் கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை.