குறைந்தபட்சக் கூலி உயர்ந்தாலும் தொழில் பழக்குவதை நிறுத்தாதீர்கள்

குறைந்தபட்சக் கூலி உயரும்போதெல்லாம் பட்டறை முதலாளிகள் முதலில் கைவைப்பது புதியவர்களின் பயிற்சியில்தான். லேத் (உலோகம் கடையும் இயந்திரம்) பட்டறையில் மேற்பார்வை பார்க்கும் நான் இதைக் கண்டு பலமுறை மனம் நொந்திருக்கிறேன்.

பொருளியலாளர் கேரி பெக்கர் 1964-இல் முன்வைத்த வாதம் அவர்கள் பக்கம் நிற்கிறது. எங்கு போனாலும் உதவும் திறமையைக் கற்பவர், பழகும் காலத்தில் குறைந்த கூலி வாங்கி அதன் செலவைத் தாமே சுமக்கிறார். அந்தக் கூலியைச் சட்டம் உயர்த்தினால் சுமை முதலாளி தலைக்கு மாறும். பின்னாளில் அசமோக்லு, பிஷ்கே என்ற பொருளியலாளர்கள் வேறு கோணத்தைக் காட்டினார்கள்: கொடுத்தே தீர வேண்டிய கூலி என்றால், அதற்கேற்ற அளவுக்கு ஆளின் கைத்திறனை வளர்ப்பதில் முதலாளிக்கே லாபம் இருக்கலாம். ஆய்வுகள் இரு பக்கமும் உண்டு. என் அனுபவம் இரண்டாம் பக்கம்.

ஆகவே, செலவு எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். கூலியைவிடக் கெட்டுப்போகும் துண்டும் நின்றுபோகும் இயந்திரமும்தான் அதிகம் விழுங்கும். அதனால் முதல் வாரம் லேத்தைத் தொடவிடாமல் மைக்ரோமீட்டரை (திருகிப் பிடித்து நுண்ணிய அளவு பார்க்கும் கருவி) கொடுங்கள். கடைந்த இருபது துண்டுகளை நான் அளந்து, எண்களை ஒரு தாளில் எழுதி மடித்து வைப்பேன். அதே துண்டுகளை அளக்கும் புதியவர் திருகை இறுக்கிவிடுவார், அளவு 0.02 மி.மீ. குறைவாக வரும். அளவுக்கு மேல் இறுகாமல் வழுக்கிவிடும், நுனியிலுள்ள ராட்செட்டைப் பிடித்துச் சுற்றக் கற்றதும் எண்கள் என் தாளோடு ஒத்துப்போகும். அப்போது அவர் முகத்தில் வரும் வெளிச்சம் எனக்குச் சலிப்பதே இல்லை. அன்றிலிருந்து அளவு சரிபார்க்கும் வேலையை அவரிடம் விடலாம். கொடுக்கும் கூலிக்கு உழைப்பு வரத் தொடங்கிவிட்டது. அடுத்து, கழிவுத் துண்டில் கடையவிடுங்கள்.

மூத்தவர் துண்டுக் கணக்கில் கூலி வாங்குபவரா? கற்பிக்கும் நேரத்துக்குத் தனியாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் வித்தையைக் காட்டமாட்டார், அது அவர் குற்றமும் அல்ல.

பழகுநருக்குக் குறைந்த விகிதத்தைச் சட்டம் அனுமதிக்கும் இடங்களில், என்ன கற்பிப்பீர்கள், எத்தனை மாதம் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். தரையைப் பெருக்கவிட்டு அதற்குப் பயிற்சி என்று பெயர் வைப்பது திருட்டு.

கற்றதும் போய்விடுவாரே என்ற பயம் இருந்தால் கூலியைப் படிப்படியாக உயர்த்துங்கள். வரைபடம் படிக்கத் தெரிந்தால் ஒரு படி, தாமாக வெட்டும் டூலைத் தீட்டத் தெரிந்தால் இன்னொரு படி. அந்தப் படிகளை அவர் சேரும் நாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.